பட்டறைத் தொழிலாளிக்கு டிசைன் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது, எங்கே கோட்டை விடுகிறோம்

கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று கோவையில் எந்தப் பக்கம் போனாலும் ‘டிசைன் கோர்ஸ்’ விளம்பரம் கண்ணில் படுகிறது. நான் முதல்வன் திட்டம், ஐ.டி.ஐ.களுக்குப் புதிய எந்திரங்கள், தொழில் பழகுநர் உதவித்தொகை என்று அரசு அறிவிப்புகளிலும் இந்தச் சொல் அடிபடுகிறது. கேட்பவர்களுக்குத்தான் குழப்பம். “லேத் ஓட்டற பையனுக்கு டிசைன் எதுக்குங்க? டிராயிங்ல இருக்கறத ஓட்டுனாப் போதாதா?” என்கிறார் பட்டறை முதலாளி. “மூணு மாசம் கேட் படிச்சா சம்பளம் ஏறுமுங்களா?” என்கிறார் தொழிலாளி. கேட் (CAD) என்று அவர் சொல்வது கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் சாஃப்ட்வேரை. டிசைன் என்றாலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை என்று இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது.

உற்பத்தித் தொழிலாளிக்கு வேண்டிய டிசைன் அறிவு டிராயிங் வாசிப்பதில் தொடங்கி, டாலரன்ஸ் (அளவு எவ்வளவு மாறலாம் என்ற அனுமதி), அளவெடுப்பு, ஃபிக்சர் (பாகத்தை மெஷினில் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் சாதனம்) வழியாகப் போய், கடைசியில்தான் கேட் சாஃப்ட்வேருக்கு வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால்தான் பல பயிற்சிகளில் சான்றிதழ் மட்டும் கைக்கு வருகிறது, வேலை கைக்கு வருவதில்லை. ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பட்டறையில் டிசைன் என்பது எது

புதிதாக ஒரு பம்பையோ கியர் பாக்ஸையோ உருவாக்குவது பொறியாளரின் டிசைன். இங்கே பேச்சு அதைப் பற்றியதல்ல. மெஷின் முன் நிற்பவர் ஒரு ஷிப்டில் எடுக்கும் முடிவுகளைப் பாருங்கள். எந்த முகத்தை முதலில் பிடிப்பது, அளவை எந்த விளிம்பிலிருந்து எடுப்பது, டாலரன்ஸ் போடாத அளவுக்கு எவ்வளவு கவனம் கொடுப்பது, டிராயிங்கில் விட்டுப்போன ரேடியஸை எவ்வளவு வைப்பது. இவை எல்லாமே டிசைன் முடிவுகள். சொல்லித்தர ஆளில்லாததால் பழக்கத்தை வைத்து எடுக்கப்படுகின்றன.

கொங்குப் பகுதியில் இன்னொரு நடைமுறையும் உண்டு: டிராயிங்கே இல்லாமல் ‘சாம்பிள்’ வரும். மில்லிலிருந்து ஒரு பழைய ஷாஃப்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேரிங் உட்காரும் இடத்தில் மைக்ரோமீட்டர் 24.93 மி.மீ. காட்டுகிறது. கண்டபடியே 24.93-க்குக் கடைந்து கொடுத்தால், பழைய ஷாஃப்டின் தேய்மானத்தையும் சேர்த்துப் புதியதில் நகல் எடுத்ததாகிவிடும். பேரிங் முதல் நாளே லூசாக இருக்கும். விஷயம் தெரிந்தவர் இப்படிப் போவார்:

1. தேயாத இடத்தைத் தேடுவார். தோள்பட்டையை ஒட்டிய ஓரத்திலோ பேரிங் ஏறாத விளிம்பிலோ மூல அளவு கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.
2. அதில் எது மாட்டப்படுகிறது என்று கேட்பார். 6205 பேரிங் என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. ஆகவே ஷாஃப்டின் பெயரளவு 25.
3. சுற்றுவது ஷாஃப்டா, ஹவுசிங்கா என்று பார்ப்பார். ஷாஃப்ட் சுற்றினால் உள்வளையம் இறுக்கமாக உட்கார வேண்டும்.
4. கீவே (ஷாஃப்டில் பூட்டுச் சாவி உட்காரும் பள்ளம்) நசுங்கி 8.3 காட்டினாலும், 22-க்கு மேல் 30 வரையிலான ஷாஃப்டுக்கு வழக்கமான சாவி 8 × 7, ஷாஃப்டில் ஆழம் 4 என்பதை அட்டவணையில் சரிபார்ப்பார்.
5. இவை அனைத்தையும் கையாலேயே ஒரு படமாகப் போட்டு, பார்ட்டியிடம் (வேலை கொடுத்தவரிடம்) காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே மெட்டீரியலை வெட்டுவார்.

இந்த ஐந்தில் ஒன்றுக்கும் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையோடு கோவையின் மில் காலம் பிறந்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின, கிணறுகளில் பம்ப்செட் ஏறியது. வெளிநாட்டு எந்திரங்களுக்கான ஸ்பேர்களைப் பார்த்துச் செய்வதும், பழுது பார்ப்பதும்தான் இங்கத்திய பட்டறைகளின் முதல் பாடம். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-இல் மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டியது அந்தக் கைத்திறனின் உச்சம். முறையான படிப்பும் கூடவே வந்தது: 1926-இல் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், 1945-இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி (இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி).

ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் தொழில் கைமாறியது மேஸ்திரியிடமிருந்து எடுபிடிப் பையனுக்கு, பார்த்துப் பழகி. பம்ப், கிரைண்டர், மில் ஸ்பேர் வரைக்கும் அது போதுமானதாக இருந்தது. கார் உதிரிபாகமும் ஏற்றுமதி ஆர்டரும் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது வருவது முழு டிராயிங். அதில் உள்ள ஒவ்வொரு குறியீடும் ஒப்பந்தத்தின் ஒரு வரி. பார்த்துப் பழகியவருக்கு அந்த வரிகளை வாசிக்க யாரும் கற்றுத்தரவில்லை.

முதல் படி: டிராயிங் வாசிப்பு

படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வலது கீழ் மூலையிலுள்ள விவரக் கட்டத்தை, அதாவது டைட்டில் பிளாக்கைப் பார்க்க வேண்டும். அதிலும் மூன்று இடங்கள் முக்கியம்.

ஒன்று, புரொஜெக்‌ஷன் குறியீடு. பாகத்தின் தோற்றங்களை எந்த முறையில் அடுக்கியிருக்கிறார்கள் என்று காட்டும் சின்னப் படம் அது. நம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்குகளில் சொல்லித்தருவது முதல் கோண முறை. மேலிருந்து பார்க்கும் தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், வலப்பக்கத் தோற்றம் இடது கைப்பக்கம் வரும். அமெரிக்க, ஜப்பானிய டிராயிங்குகள் மூன்றாம் கோண முறையில் இருக்கும். அதில் ஒவ்வொரு தோற்றமும் தன் பக்கத்திலேயே இருக்கும். அடையாளம் காணச் சுலபமான வழி: குறியீட்டில் நுனி வெட்டிய ஒரு கூம்பும் இரட்டை வட்டமும் இருக்கும். வட்டங்கள் கூம்பின் குறுகிய முனையை ஒட்டி இருந்தால் மூன்றாம் கோணம், அகன்ற முனையை ஒட்டி இருந்தால் முதல் கோணம்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும்? நாலாபுறமும் ஒரே மாதிரி இருக்கும் பாகத்தில் ஒன்றும் ஆகாது. அதனாலேயே பல வருடம் யாருக்கும் தவறு தெரியாமல் ஓடும். ஒரு பக்கம் மட்டும் துளையோ லக்கோ இருக்கும் மோட்டார் எண்ட் கவர் வரும்போது, எல்லா அளவும் மைக்ரான் சுத்தமாக வந்தும் துளை மறுபக்கம் விழுந்திருக்கும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைச் செய்துவிட்டோம் என்பது பார்ட்டியின் அசெம்ப்ளியில்தான் தெரியும்.

இரண்டு, ரிவிஷன் எண். பழைய பிரிண்ட் கிரீஸ் கறையோடு மெஷினில் ஒட்டியிருக்கும், புதியது அலுவலக மெயிலில் இருக்கும். ஷிப்ட் தொடங்கும்போது டிராயிங் ரிவிஷனையும் ஜாப் கார்டு ரிவிஷனையும் ஒப்பிடுவதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே பழக்கமாக்கிவிட வேண்டும்.

மூன்று, பொது டாலரன்ஸ். ‘ஐ.எஸ்.ஓ. 2768 – எம்’ என்று ஒரு மூலையில் சின்னதாக எழுதியிருக்கும். எந்த அளவுக்குப் பக்கத்தில் டாலரன்ஸ் போடவில்லையோ அதற்கெல்லாம் இது பொருந்தும். நடுத்தர வகுப்பான எம்-இல், 6 மி.மீ. வரை ±0.1, 6-க்கு மேல் 30 வரை ±0.2, 120 வரை ±0.3, 400 வரை ±0.5. இந்த நான்கு எண்களையும் மனப்பாடமாக வைத்திருப்பவர் நேரத்தை எங்கே செலவழிப்பது என்று தானே முடிவு செய்வார். தெரியாதவர் இரண்டு விதமாகவும் தவறுகிறார்: 45 மி.மீ. நீளத்தை 0.02-க்குள் கொண்டுவர அரைமணி நேரம் போராடுவார், அல்லது டாலரன்ஸ் இல்லையே என்று ஒரு மி.மீ. குறைவாக விட்டுவிடுவார்.

இரண்டாம் படி: டாலரன்ஸும் ஃபிட்டும்

பயிற்சி நேரத்தில் பெரும்பங்கை இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

டாலரன்ஸ் என்பது ஒரு அளவு எவ்வளவு வரை மாறலாம் என்ற அனுமதி. ஃபிட் என்பது இரண்டு பாகங்கள் சேரும்போது கிடைக்கும் இறுக்கம் அல்லது தளர்வு. டிராயிங்கில் ஆங்கிலப் பெரிய எழுத்து வந்தால் துளை, சிறிய எழுத்து வந்தால் ஷாஃப்ட். பக்கத்திலுள்ள எண் அனுமதியின் அகலத்தைக் குறிக்கிறது. எண் சிறியதாக ஆக வேலை நுணுக்கமாகும், செலவும் ஏறும்.

மேலே பார்த்த 25 மி.மீ. ஷாஃப்டையே எடுப்போம். டிராயிங்கில் ‘25 கே6’ (சிறிய எழுத்து k) என்று இருக்கிறது. அட்டவணைப்படி அது +0.002 முதல் +0.015 வரை, அதாவது 25.002-க்கும் 25.015-க்கும் நடுவே. மொத்த இடம் 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சாதாரண வகுப்பு 6205 பேரிங்கின் உள்விட்டம் 24.990 முதல் 25.000 வரை வரும். ஆகவே எந்த ஷாஃப்டும் எந்த பேரிங்கும் சேர்ந்தாலும் குறைந்தது 2 மைக்ரான், அதிகபட்சம் 25 மைக்ரான் இறுக்கம் கிடைக்கும். டிசைனர் கேட்பது இதைத்தான்.

இப்போது ஷாஃப்ட் 24.98-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 முதல் 20 மைக்ரான் வரை தளர்வு. கையால் ஆட்டினால் ஒன்றும் தெரியாது, “நல்லா உக்காந்துருச்சு” என்றே தோன்றும். ஆனால் லோடு விழுந்ததும் உள்வளையம் ஷாஃப்டின் மேல் மெல்ல மெல்ல நழுவிச் சுற்றத் தொடங்கும். செம்பழுப்புத் தூள் வரும், ஷாஃப்ட் தேயும், பம்ப் அதிரும். மறுபக்கம், 25.03-க்கு விட்டால் இறுக்கம் 30 முதல் 40 மைக்ரான். 6205-இன் சாதாரண உள்தளர்வே 5 முதல் 20 மைக்ரான்தான். விரிந்த உள்வளையம் அந்தத் தளர்வை விழுங்கிவிடும், பந்துகள் நெருக்கிக்கொண்டு பேரிங் சூடாகும். மோட்டார் சத்தம் போடுகிறது என்று பார்ட்டி பேரிங் கம்பெனியைக் குறை சொல்வார். குறை ஷாஃப்டில் இருக்கும்.

இந்த 13 மைக்ரானைப் பிடிப்பதில் மூன்று இடங்களில் சறுக்கல் வருகிறது.

அளவுக்கருவி: பட்டறையில் எல்லோர் கையிலும் இருப்பது 0.02 வெர்னியர். அதன் மிகச்சிறிய கோடே 20 மைக்ரான். 13 மைக்ரான் இடத்தை அதை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியவே முடியாது. டாலரன்ஸின் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் கருவி வேண்டும் என்பது பொதுவிதி. ஆகவே 0.001 காட்டும் மைக்ரோமீட்டர், அல்லது ஸ்லிப் கேஜ் (அளவு உறுதியான எஃகுத் துண்டு) வைத்து செட் செய்த, வித்தியாசத்தை மட்டும் காட்டும் கம்பேரட்டர். 0.01 மைக்ரோமீட்டரும் இங்கே தடுமாறும்.

சூடு: எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். பட்டறையும் மைக்ரோமீட்டரும் 32 டிகிரியில் இருக்க, மெஷினிலிருந்து எடுத்த ஷாஃப்ட் 52 டிகிரியில் இருந்தால், 25 மி.மீ. விட்டம் சுமார் 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும். அப்போது 25.007 காட்டிய பீஸ் ஆறியதும் 25.001. கீழ் எல்லைக்கு வெளியே போய்விட்டது. மாலையில் ஓகே ஆன பீஸ் காலையில் ரிஜெக்ட் ஆவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். பீஸை ஆறவிட்டு அளக்க வேண்டும், அளவெடுத்த நேரத்தையும் ஷீட்டில் எழுத வேண்டும்.

டூல் தேய்மானம்: வெளிவிட்டம் கடையும்போது இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) தேயத் தேய விட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். கிரைண்டிங் வீலிலும் அப்படியே. போர் எடுக்கும்போது நேர்மாறு, துளை சிறிதாகிக்கொண்டே போகும். ஆகவே ஷாஃப்டை மேல் எல்லையை ஒட்டி செட் செய்யக் கூடாது. 25.005-இல் தொடங்கி, 25.012-ஐத் தொட்டதும் ஆஃப்செட்டில் (மெஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தத்தில்) 0.007 குறைக்க வேண்டும். ‘ரிஜெக்ட் ஆன பிறகு ஆஃப்செட் போடுவது’ என்ற பழக்கத்தை மாற்றினாலே பாதி ஸ்கிராப் நின்றுவிடும்.

இங்கேயே இன்னொரு பாடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: அளவுகளின் கூட்டல். ஒரு பட்டையில் ஐந்து துளைகள், ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து 20 ±0.1 என்று சங்கிலியாகப் போட்டிருந்தால், ஐந்தாவது துளை விளிம்பிலிருந்து ±0.5 வரை விலகலாம். எல்லா அளவையும் ஒரே விளிம்பிலிருந்து போட்டிருந்தால் அதுவும் ±0.1-க்குள்ளேயே நிற்கும். ஆபரேட்டர் தன் வசதிக்குச் சங்கிலி அளவை விளிம்பளவாக மாற்றியோ, விளிம்பளவைச் சங்கிலியாக மாற்றியோ ஓட்டுவதுண்டு. முதலாவதில் விளிம்பளவின் டாலரன்ஸைப் பாதியாக்கினால்தான் துளைக்குத் துளை ±0.1 நிற்கும். இரண்டாவது டாலரன்ஸைத் தெரியாமலேயே தின்றுவிடும்.

மூன்றாம் படி: ஃபிக்சர்

தொழிலாளி தானே டிசைன் செய்யக்கூடிய முதல் பொருள் ஃபிக்சர்தான். அதன் அடிப்படை 3-2-1 விதி: அடியில் மூன்று புள்ளிகள், பக்கவாட்டில் இரண்டு, முனையில் ஒன்று. ஆறு புள்ளிகளில் பாகம் முழுவதுமாக இடம் பிடித்துவிடும். அதற்கு மேல் வைப்பது கெடுதல். வார்ப்பின் கரடுமுரடான அடிப்பக்கத்துக்கு நான்கு ரெஸ்ட் பேட் வைத்தால் ஏதேனும் ஒன்று தொடாது. கிளாம்ப் இறுக்கும்போது வார்ப்பு வளையும், வெட்டி முடித்துத் தளர்த்தியதும் திரும்ப நிமிரும். மட்டமாக வெட்டிய முகம் அப்போது வளைந்திருக்கும்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு தட்டில் 12 எச்7 துளைகள் இரண்டு, மையத்துக்கு மையம் 100 ±0.05. இந்தத் துளைகளில் மாட்டி அடுத்த ஆபரேஷன் செய்ய வேண்டும். ஃபிக்சரில் 100 ±0.01 தூரத்தில் இரண்டு உருண்டை பின்கள் வைக்கிறார்கள், இரண்டும் 12 ஜி6. துளை 12.000 முதல் 12.018 வரை, பின் 11.983 முதல் 11.994 வரை. நெருக்கமாகப் பொருந்தும்போது ஒவ்வொரு பின்னுக்கும் 6 மைக்ரான் இடைவெளிதான். அப்போது மையத் தூரம் ±0.006 மாறினால்தான் தாங்கும். ஆனால் தட்டும் ஃபிக்சரும் சேர்ந்து ±0.06 வரை மாறுகின்றன. பத்தில் ஒரு பங்கு இடம்தான் இருக்கிறது.

பலன்: சில தட்டுகள் ஏறும், சில ஏறாது. ஏறாததைச் சுத்தியலால் தட்டி ஏற்றுவார்கள், துளை விளிம்பு நசுங்கும். பிறகு யாராவது இரண்டாவது பின்னை 11.88-க்குத் தேய்த்துவிடுவார்கள். இப்போது எல்லாத் தட்டும் ஏறுகிறது, ஆனால் 100 மி.மீ. தள்ளி உள்ள முனை இரு பக்கமும் சுமார் 0.06 ஆடுகிறது. துளை கோணலாக விழுகிறது என்று மெஷினைக் குறை சொல்வார்கள்.

தீர்வு பழையது, எளியது: ஒரு பின் உருண்டை, மற்றது டைமண்ட் பின். டைமண்ட் பின்னில் இரண்டு பக்கம் சீவப்பட்டிருக்கும். சீவிய பக்கங்கள் இரு மையங்களையும் இணைக்கும் கோட்டின் திசையில், அதாவது ஒன்று முதல் பின்னைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்போது மையத் தூரத்தின் மாறுதலை விட்டுக்கொடுக்கும், சுழற்சியை மட்டும் பிடிக்கும். 90 டிகிரி திருப்பி மாட்டிவிட்டால் எல்லாம் தலைகீழ்: தூரத்தில் பிடிவாதம், சுழற்சியில் தளர்வு. டைமண்ட் பின் வாங்கி மாட்டியும் பயனில்லை என்று சொல்லும் பட்டறைகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தொழிலுக்குத் தொழில் மாறும் பாடம்

இதுவரை சொன்னது மெஷினிங் பட்டறைக்கு. ஃபவுண்ட்ரிக்கும் ஷீட் மெட்டலுக்கும் அடிப்படை ஒன்றானாலும் கணக்கு வேறு.

ஃபவுண்ட்ரியில் பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி) போடுபவருக்குச் சுருக்கக் கணக்கு தெரிய வேண்டும். வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம் சுருங்கும், எஃகு சுமார் 2 சதவீதம். 400 மி.மீ. வார்ப்பிரும்பு கேசிங்குக்கு பேட்டர்ன் 404. அதே பேட்டர்னில் எஃகை ஊற்றினால் வார்ப்பு 396-க்குத்தான் வரும். குறைந்த 4 மி.மீ. மெஷினிங்குக்கு விட்ட இடத்தைத் தின்றுவிடும், டூல் எட்டாமல் வார்ப்பின் கருமுகம் அப்படியே நிற்கும். வார்ப்பிரும்பிலிருந்து எஃகுக்கு மாறும் பம்ப் பட்டறைகள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

கரூர், நாமக்கல் பக்கம் பாடி கட்டும் இடங்களிலும், கோவையில் பேனல், கிரைண்டர் பாடி செய்யும் இடங்களிலும் வளைவுக் கணக்கு. 2 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டில் வெளி அளவு 50 × 30-க்கு ஒரு எல் கிளாம்ப், உள் ரேடியஸ் 2. வெறுமனே 50-ஐயும் 30-ஐயும் கூட்டி 80-க்கு வெட்டினால் தப்பு. நேரான பகுதிகள் 46-ம் 26-ம், வளைவுப் பகுதி சுமார் 4.5, மொத்தம் 76.5. மூன்றரை மி.மீ. மிச்சம் ஏதாவது ஒரு பக்கத்தில் போய் நிற்கும். தகட்டை வளைக்கும் வி-டையின் அகலத்தை மாற்றினால் ரேடியஸும் மாறும், இந்த 4.5-ம் மாறும். ஆகவே புத்தகக் கணக்கோடு நிறுத்தாமல், தங்கள் டையில் சரியாக 100 மி.மீ. துண்டொன்றை வளைத்து, இரண்டு பக்கத்தையும் அளந்து, வித்தியாசத்தை ஒரு அட்டவணையாகச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.

கேட் ஏன் கடைசியில்

கேட் அவசியமானது. அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் முதலில் உட்காருபவருக்கு அது இரண்டு விஷயங்களை மறைத்துவிடுகிறது.

திரையில் 25 என்று அடித்தால் துல்லியமாக 25.000 வந்து நிற்கும். இரண்டு பாகங்களைச் சேர்த்தால் எப்போதும் பொருந்தும். டாலரன்ஸ் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாமல் மூன்று மாதக் கோர்ஸை முடித்துவிடலாம். இது முதலாவது.

இரண்டாவது, செய்ய முடியாததையும் திரை மறுப்பில்லாமல் வரைந்து கொடுக்கும். 60 மி.மீ. ஆழமுள்ள பாக்கெட்டின் உள்மூலையைச் சதுரமாக வரையலாம். சுற்றும் கட்டரால் சதுர மூலை எடுக்க முடியாது. 10 மி.மீ. எண்ட் மில் குறைந்தது 5 ரேடியஸ் விடும், 6 விட்டால் மூலையில் அதிராமல் போகும். ரேடியஸ் 3 வேண்டும் என்றால் 6 மி.மீ. கட்டர் தன் விட்டத்தின் பத்து மடங்கு நீளம் வெளியே நீண்டு வெட்ட வேண்டும். ஆடும், உடையும். அதேபோல் மறுபக்கம் திறக்காத எம்8 பிளைண்ட் துளை: 6.8 டிரில், 16 மி.மீ. மரை வேண்டும் என்றால் துளை ஆழம் 22 அளவுக்காவது இருக்க வேண்டும், மரை போடும் டேப்பின் முனையில் முழு மரை வெட்டாத சில பற்கள் இருக்கும் என்பதால். துளையும் 16, மரையும் 16 என்று போட்ட டிராயிங்கில் டேப் உள்ளேயே உடைந்து நிற்கும். மெஷினில் நின்றவருக்கு இது தெரியும். கேட் மட்டும் படித்தவருக்குத் தெரியாது. மெஷின் அனுபவம் உள்ளவர் கடைசியில் கேட் படித்தால் இரண்டும் சேர்ந்துவிடும். நல்ல டூல் ரூம் டிசைனர்களாகக் கூடியவர்கள் அவர்கள்தான்.

எவ்வளவு நேரம், எந்த வரிசை

ஷிப்ட் வேலைக்குப் போகிறவரால் முழுநேரம் படிக்க முடியாது. வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 20 வாரத்தில் 120 மணி நேரம் கிடைக்கும். அதை இப்படிப் பிரிப்பது பொருத்தமாக இருக்கும்:

1. டிராயிங் வாசிப்பும் கைப்படமும்: 28 மணி நேரம். பாகத்தைக் கையில் கொடுத்துப் படம் வரையச் சொல்வது, படத்தைக் கொடுத்துப் பாகத்தைக் குவியலிலிருந்து எடுக்கச் சொல்வது, இரண்டும்.
2. அளவெடுப்பு, டாலரன்ஸ், ஃபிட்: 36 மணி நேரம்.
3. அவரவர் தொழிலின் கணக்கு, அதாவது மெஷினிங், வார்ப்பு அல்லது தகடு: 16 மணி நேரம்.
4. ஃபிக்சர், கேஜ்: 20 மணி நேரம். ஒரு சிறிய ஃபிக்சரை வரைந்து, செய்து, பத்து பீஸ் மாட்டிப் பார்க்க வேண்டும்.
5. கேட்: 20 மணி நேரம், நான்காவதில் செய்த அதே ஃபிக்சரை வரைவதற்காக.

ரிஜெக்ட் ஆன பீஸ்களைவிடச் சிறந்த பாடப்பொருள் கிடையாது. ஒவ்வொரு பட்டறையின் ஸ்கிராப் பெட்டியிலிருந்தும் பத்து பீஸை டிராயிங்கோடு கொண்டுவந்து, எங்கே தவறியது, டிராயிங்கின் எந்த வரி மீறப்பட்டது, எந்த இடத்தில் பிடித்திருக்கலாம் என்று எழுதச் சொன்னால், அங்கே நடக்கும் விவாதம் எந்தப் பாடநூலாலும் வராது.

செலவு யாருக்கு, லாபம் யாருக்கு

“சொல்லிக் குடுத்தா நாளைக்கு வேற கம்பெனிக்குப் போயிருவானுங்க” என்ற பயம் உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் ஜாப் ஒர்க்கின் கணக்கைப் பாருங்கள். மெட்டீரியல் பார்ட்டியுடையது. ஒரு பீஸுக்குக் கூலி 22 ரூபாய், மெட்டீரியல் விலை 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் கூலி போவதோடு 180-க்கு டெபிட் நோட்டும் வரும். ஒரு கெட்ட பீஸ் ஒன்பது நல்ல பீஸின் முழுக் கூலியைத் தின்கிறது. மாதம் 4,000 பீஸ் ஓடும் இடத்தில் ரிஜெக்‌ஷன் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமானால் 80 பீஸ் மிஞ்சும். பீஸுக்கு 202 வீதம் மாதம் 16,160 ரூபாய். பயிற்சி முடித்தவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்துத் தக்கவைக்க இந்தப் பணத்தில் ஒரு பங்கு போதும். கொடுக்காவிட்டால் அவர் போவது நியாயம்தான்.

அரசுத் திட்டங்களில் எது யாருக்கு என்பதும் குழம்பிக் கிடக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடத்துக்கு விருப்பம். நம் ஜாப் ஒர்க் பட்டறைகளில் பெரும்பகுதி இரண்டாவது வகையில் வரும். விருப்பப்பட்டு எடுத்தால், தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரம்பில், மத்திய அரசு ஏற்கிறது. ஆனால் இது புதிதாக வருபவருக்கு. பத்து வருடமாக லேத்தில் நிற்பவருக்கு இதில் இடமில்லை.

அவருக்கென்று இருப்பது முன்கற்றல் அங்கீகாரம். கையில் உள்ள திறனைச் சோதித்துச் சான்று தரும் முறை அது. சான்று வேலை மாறும்போது உதவும், ஆனால் மேலே சொன்ன பாடங்களைக் கற்றுத்தர அதில் நேரம் போதாது. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தரம் உயர்த்தப்பட்ட 71 அரசு ஐ.டி.ஐ.களில் நல்ல எந்திரங்கள் இருக்கின்றன. மாலை நேரத்தில் வேலைக்காரர்களுக்கு அவற்றைத் திறந்துவிட்டால் கொங்கு மாவட்டங்களுக்கு அது பெரிய உதவி. தொழில் சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கை அதுதான்.

தனியார் வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன் தொழிலாளி நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை சில. வகுப்பில் மைக்ரோமீட்டரும் போர் கேஜும் இருக்கின்றனவா, அல்லது கம்ப்யூட்டர் மட்டும்தானா? மேசையில் உண்மையான பாகங்கள் இருக்கின்றனவா? முடிவில் வைக்கும் தேர்வு சாஃப்ட்வேரில் படம் வரைவதா, அல்லது ஒரு டிராயிங்கைக் கொடுத்து, “இதில் எந்த அளவை முதலில் எடுப்பீர்கள், எதை வைத்து அளப்பீர்கள், எங்கே பிடிப்பீர்கள்” என்று கேட்பதா? சொல்லித்தருபவரிடம் 25 கே6 எவ்வளவு என்று கேளுங்கள். அட்டவணையை எடுத்துப் பார்த்துச் சொன்னால் நல்லது. பேரிங்குக்கு ஏன் அந்த ஃபிட் என்பதையும் அவர் விளக்கினால் பணத்தைக் கட்டலாம்.